கீழ் எண் சொல்லும் சேதி

தைராய்டு சுரப்பி மந்தமானால் உடம்பின் வேகமெல்லாம் குறையும் என்பது பலருக்கும் தெரிந்த செய்தி. நாடித்துடிப்பு குறையும். குடல் சோம்பும், மலச்சிக்கல் வரும். மற்றவர்கள் மின்விசிறியைக் கூட்டச் சொல்லும்போது இவருக்கு மட்டும் குளிரும். குரல் கரகரக்கும், பேச்சு இழுக்கும். இப்படி இருப்பவருக்கு ரத்த அழுத்தமும் குறைவாகத்தானே இருக்க வேண்டும்? அப்படி நினைப்பது இயல்புதான், ஆனால் நடப்பது வேறு. தைராய்டு குறைந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு ரத்த அழுத்தம் ஏறுகிறது. பெரும்பாலும் மேல் எண்ணைவிடக் கீழ் எண்தான் கூடுதலாக ஏறுகிறது.

நம் வீடுகளில் அந்தக் கீழ் எண்ணை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. "பிரஷர் எவ்வளவு?" என்று கேட்டால் "130-தான், பரவாயில்லை" என்பார்கள். 130-க்குக் கீழே 80 இருந்ததா, 100 இருந்ததா என்று கேட்டால் பதில் வராது. 130/80 என்றால் மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் இடையே 50. 130/100 என்றால் 30-தான். முதலாமவரின் ரத்தக்குழாய்களில் நடப்பது ஒன்று, இரண்டாமவருக்கு நடப்பது வேறொன்று. இந்த அத்தியாயம் இரண்டாமவரைப் பற்றியது.

லண்டன் மருத்துவர் வில்லியம் கல் 1873-இல் நடுவயதுப் பெண்கள் சிலரை விவரித்தார். முகம் உப்பி, நாக்கு தடித்து, மனமும் உடலும் மந்தமாகிப் போனவர்கள் அவர்கள். 1891-இல் நியூகாசில் நகரில் ஜார்ஜ் மரே என்ற இளம் மருத்துவர் ஆட்டின் தைராய்டு சுரப்பியிலிருந்து சாறு எடுத்து, இதே நோயால் வாடிய 46 வயதுப் பெண் ஒருவருக்கு ஊசி வழியாகக் கொடுத்தார். அந்தப் பெண் தேறினார். அதன்பின் 28 ஆண்டுகள் வாழ்ந்து, 1919-இல் 74 வயதில் இறந்தார். அத்தனை ஆண்டுகளில் அவருக்காக 870-க்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பிகள் தேவைப்பட்டன. ஹார்மோன் குறைபாட்டை வெளியிலிருந்து ஈடுசெய்து ஓர் உயிரை இவ்வளவு காலம் காத்த முதல் நிகழ்வுகளில் இதுவும் ஒன்று. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மருத்துவத்தின் மீதே ஒரு மரியாதை கூடுகிறது.

ஆனால் கல்லோ மரேயோ தங்கள் நோயாளிகளின் ரத்த அழுத்தத்தை அளந்து பார்க்கவில்லை. அன்று அதற்கு எளிய வழி கிடையாது. கையில் சுற்றும் காற்றுப்பட்டையை இத்தாலியின் ரிவா-ரோச்சி 1896-இல்தான் அறிமுகப்படுத்தினார். அதிலும் மணிக்கட்டில் நாடி பிடித்துப் பார்த்து மேல் எண்ணை மட்டுமே சொல்ல முடிந்தது. கீழ் எண் பிடிபட 1905 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் நிக்கோலாய் கொரோட்கோவ் என்ற அறுவை மருத்துவர், பட்டைக்குக் கீழே முழங்கை மடிப்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். இன்றும் நாம் பின்பற்றும் முறை அதுதான்.

பட்டையில் காற்றேற்றியதும் கைத்தமனி நசுங்கி மூடிக்கொள்ளும், சத்தம் ஏதும் கேட்காது. காற்றை மெல்ல இறக்கினால் ஓரிடத்தில் 'டக்' என்று முதல் ஒலி வரும். அதுதான் மேல் எண், இதயம் சுருங்கும்போது உள்ள அழுத்தம். ஒலி தொடர்ந்து கேட்டு, பிறகு மழுங்கி, ஓரிடத்தில் அடங்கும். அங்கே கீழ் எண், இதயம் ஓய்வில் இருக்கும்போது குழாய்க்குள் நிற்கும் அழுத்தம். காற்றை விநாடிக்கு 2 மில்லிமீட்டர் என்ற நிதானத்தில் இறக்க வேண்டும் என்பது விதி. கூட்டம் நிறைந்த புறநோயாளிப் பிரிவில் சர்ரென்று இறக்கிவிடுவதும் உண்டு. நிமிடத்துக்கு 50 முறை மட்டுமே துடிக்கும் இதயமென்றால் இரண்டு துடிப்புகளுக்கு நடுவே 1.2 விநாடி இடைவெளி. விநாடிக்கு 10 மில்லிமீட்டர் வேகத்தில் இறக்கினால் அந்த இடைவெளிக்குள் 12 மில்லிமீட்டர் இறங்கிவிடும். மேல் எண் குறைவாகவும் கீழ் எண் கூடுதலாகவும் பதிவாகும். தைராய்டு குறைவில் வரும் வடிவமும் கிட்டத்தட்ட இதேதான். ஆகவே நாடி மெதுவாக ஓடுகிறவர்கள் ஒரே ஒரு அளவை வைத்து எந்த முடிவுக்கும் வந்துவிடக் கூடாது. ஐந்து நிமிடம் உட்கார்ந்து, பேசாமல் இருந்து, இரண்டு முறையாவது நிதானமாக அளந்து பார்க்க வேண்டும்.

கருவி வந்துவிட்டது என்பதற்காக விடை உடனே கிடைத்துவிடவில்லை. ஜெர்மன் மருத்துவர் ஹெர்மன் சோன்டெக் 1918-இல் தைராய்டு குறைந்தவர்களின் இதயத்தைப் பற்றி ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். இதயம் பெருத்து மந்தமாகத் துடிப்பதையும், தைராய்டு மருந்து கொடுத்ததும் அது சுருங்கி இயல்புக்குத் திரும்புவதையும் அதில் காட்டினார். ரத்த அழுத்தம் இயல்பாகவே இருந்ததாகத்தான் அவர் குறிப்பிட்டார். வேறு சிலரோ தங்கள் நோயாளிகளிடம் அழுத்தம் கூடியிருப்பதைக் கண்டார்கள். இரு தரப்பும் பார்த்தது உண்மைதான். தைராய்டு குறைந்த எல்லோருக்கும் அழுத்தம் ஏறுவதில்லை. ஏறுபவர்களிலும் வயது, உடல் எடை, உப்பு, பரம்பரை என்று வேறு காரணங்களும் கலந்திருக்கும். தைராய்டின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிவதுதான் சிரமம்.

1983-இல் ஜப்பானியக் குழு ஒன்று தைராய்டு அழற்சி உள்ள 477 பெண்களைப் பரிசோதித்தது. எல்லோருக்கும் ஒரே சுரப்பி நோய். ஆனால் ஒரு பிரிவினருக்கு ஹார்மோன் குறைந்துவிட்டது, மற்றவர்களுக்கு இன்னும் குறையவில்லை. ஹார்மோன் குறைந்தவர்களில் 14.8 சதவீதத்தினருக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்தது, குறையாதவர்களில் 5.5 சதவீதத்தினருக்குத்தான்.

அதைவிட எனக்குப் பிடித்த சான்று அமெரிக்காவில் டேவிட் ஸ்ட்ரீட்டனும் அவரது குழுவினரும் 1988-இல் வெளியிட்டது. அவர்கள் இருவேறு மனிதர்களை ஒப்பிடவில்லை, ஒரே மனிதரை அவரோடே ஒப்பிட்டார்கள். தைராய்டு அதிகமாகச் சுரந்த 40 பேருக்குக் கதிரியக்க அயோடின் கொடுக்கப்பட்டது. அந்தச் சிகிச்சையில் சுரப்பி அளவுக்கு மீறி அடங்கி, ஹார்மோன் குறைந்துபோவது வழக்கம். அப்படிக் குறைந்தபோது 40 பேரில் 16 பேருக்குக் கீழ் எண் 90-ஐத் தாண்டியது. தைராக்சின் மாத்திரை கொடுத்ததும் இறங்கியது. ஆளும் அதே ஆள், பரம்பரையும் அதேதான். மாறியது ஹார்மோனின் அளவு. அதே குழு உயர் ரத்த அழுத்தத்துக்காக வந்த 688 பேரையும் வரிசையாகச் சோதித்தது. அவர்களில் 25 பேருக்கு, அதாவது 3.6 சதவீதத்தினருக்கு, தைராய்டு குறைவு இருந்தது. அந்த 25 பேரில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு, தைராய்டைச் சரிசெய்ததும் கீழ் எண் 90-க்கோ அதற்கும் கீழோ வந்துவிட்டது.

3.6 சதவீதம் சின்ன எண்தான். ஆனால் உயர் ரத்த அழுத்தத்தில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு ஒற்றைக் காரணம் ஒன்றைச் சுட்ட முடிவதில்லை, வாழ்நாள் முழுக்க மாத்திரைதான் வழி. காரணத்தையே கண்டுபிடித்துத் தீர்க்கக்கூடிய ஒரு சிறு கூட்டம் அதற்குள் இருக்கிறதென்றால் அதைத் தேடாமல் விடுவது நியாயமில்லை.

இனி, மந்தமான இதயம் எப்படி அழுத்தத்தை ஏற்றுகிறது? அது ஏற்றுவதில்லை. அழுத்தம் இரண்டு விஷயங்களின் பெருக்கல்: இதயம் நிமிடத்துக்கு வெளியேற்றும் ரத்தத்தின் அளவு, அந்த ரத்தத்துக்குக் குழாய்கள் காட்டும் தடை. தைராய்டு குறையும்போது முதலாவது குறைகிறது, இரண்டாவது கூடுகிறது. எது விஞ்சுகிறது என்பதைப் பொறுத்துத்தான் பிரஷர் எண் அமையும்.

தடை எங்கே இருக்கிறது? பெரிய தமனிகளில் அல்ல, தலைமுடியளவு மெல்லிய நுண்தமனிகளில். ஆற்றிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து வயலுக்குள் இறங்கும் மடைகள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். மடைகளை எல்லாம் பாதி அடைத்துவிட்டால், மேலே பம்புசெட் மெதுவாக ஓடினாலும் வாய்க்காலில் தண்ணீர் ஏறித்தான் நிற்கும். பம்புசெட் ஓயும் நேரத்திலும் சட்டென்று வடியாது. அந்த ஓய்வு நேரத்து நீர்மட்டம்தான் கீழ் எண்.

நுண்தமனியின் சுவரைச் சுற்றி வரியற்ற தசை இருக்கிறது. அது இறுகினால் குழாய் குறுகும், தளர்ந்தால் விரியும். டி3 என்ற தைராய்டு ஹார்மோன் அந்தத் தசையைத் தளர்த்துகிறது. குழாயின் உள்ளணி செல்கள் நைட்ரிக் ஆக்சைடு வாயுவை உண்டாக்கவும் அது துணைபுரிகிறது, அந்த வாயுவும் தசையைத் தளர்த்தும். ஹார்மோன் குறைந்தால் தளர்வு குறையும், குழாய் சுருங்கும். ஆரத்தில் ஏற்படும் சிறு மாற்றம்கூடத் தடையைப் பல மடங்கு பாதிக்கும் என்பது இயற்பியல் விதி, ஏனெனில் தடை ஆரத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் மாறுகிறது. ஆரம் 10 சதவீதம் குறைந்தால் தடை 52 சதவீதம் கூடிவிடும்.

ஆய்வாளர்கள் பயன்படுத்தும் அலகில் இந்தத் தடை இயல்பாக 1500 முதல் 1700 வரை. தைராய்டு குறைந்தவர்களிடம் அது 2100 முதல் 2700 வரை போகும். தைராய்டு மிகுந்தவர்களிடம் 700 முதல் 1200 வரை இறங்கிவிடும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நலமாக இருப்பவரின் இதயம் நிமிடத்துக்கு 5 லிட்டர் ரத்தத்தை வெளியேற்றுகிறது, தடை 1500. இரண்டையும் பெருக்கி, அலகு மாற்றத்துக்காக 80-ஆல் வகுத்தால் சராசரி அழுத்தம் ஏறக்குறைய 94. இது 120/80-க்குச் சமம். அவருக்கே தைராய்டு குறைந்து, வெளியேற்றம் 3.8 லிட்டராகவும் தடை 2400-ஆகவும் மாறினால் சராசரி 114. இதயம் வீச்சு குறைந்து துடிப்பதால் மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் உள்ள இடைவெளியும் சுருங்கும். 30 என்று வைத்துக்கொண்டால் 134/104 வரும். மேல் எண்ணை மட்டும் பார்க்கிறவர் "கொஞ்சம்தான் கூட" என்பார்.

இதயம் மந்தமாவதற்கும் தெளிவான காரணம் உண்டு. அதைக் கணுக்காலில் கண்ணால் பார்க்கலாம். நோயாளியை நாற்காலியில் மண்டியிடச் சொல்லி, பாதங்கள் வெளியே தொங்கும்படி வைத்து, குதிகாலுக்கு மேலே உள்ள தடித்த தசைநாணை ரப்பர் சுத்தியலால் தட்டுவார் மருத்துவர். எல்லோருக்கும் பாதம் கீழ்நோக்கி ஒரு வெட்டு வெட்டும். நலமாக இருப்பவருக்கு அது உடனே பழைய நிலைக்குத் திரும்பிவிடும். தைராய்டு குறைந்தவருக்குப் பாதம் போன வேகத்தில் திரும்பாது, தயங்கித் தயங்கி மேலே வரும். தசை சுருங்குவதற்குக் கால்சியம் வெளியே வர வேண்டும், தளர்வதற்கு அதை மறுபடி உள்ளே இழுத்துச் சேமிக்க வேண்டும். இழுக்கும் வேலையைச் செய்வது செர்கா என்ற புரதப் பம்பு. அந்தப் பம்பு போதிய அளவில் உருவாக டி3 வேண்டும். டி3 குறைந்தால் கால்தசை தளரத் தாமதமாகிறது, இதயத்தசையும் அதேபோல் தளரத் தாமதமாகிறது. சரியாகத் தளராத இதயத்துக்குள் ரத்தம் முழுமையாக நிறையாது. நிறையாத இதயம் குறைவாகவே வெளியேற்றும். ரத்தப் பரிசோதனைகள் எளிதாகக் கிடைக்காத காலத்தில் இந்தக் கணுக்கால் அசைவை அளந்தே பல மருத்துவர்கள் தைராய்டு குறைவைக் கண்டுபிடித்தார்கள். இன்று அந்தச் சுத்தியல் பல மருத்துவர்களின் மேசை இழுப்பறைக்குள் போய்விட்டது வருத்தம்தான்.

சிறுநீரகத்துக்கும் இதில் பங்கு உண்டு. தைராய்டு குறைந்தால் சிறுநீரகம் வடிகட்டும் வேகம் குறையும், கிரியாட்டினின் சற்றே ஏறும். அறிக்கையைப் பார்த்துவிட்டு "கிட்னி போய்விட்டதோ" என்று குடும்பமே கலங்கும். தைராய்டால் வந்த ஏற்றமென்றால் சிகிச்சையில் அது இறங்கிவிடும். ரெனின் என்ற சிறுநீரகச் சுரப்பும் இவர்களிடம் குறைவாக இருக்கும். ரெனினின் தொடர்விளைவுகளைத் தடுத்து வேலை செய்யும் பிரஷர் மாத்திரைகள் சிலருக்கு எதிர்பார்த்த பலனைத் தராமல் போவதற்கு இது ஒரு காரணம். பீட்டா பிளாக்கர் வகை மாத்திரைகள் ஏற்கெனவே மெதுவாகத் துடிக்கும் இதயத்தை இன்னும் மெதுவாக்கும். நீர் பிரிய வைக்கும் மாத்திரைகள் ரத்தத்தில் சோடியத்தைக் குறைக்கக்கூடும், தைராய்டு குறைவும் தன் பங்குக்கு அதையே செய்யும். கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். கூடுவதும் இதே நோயில் வழக்கம், அதை ரத்தத்திலிருந்து அகற்றும் கல்லீரல் ஏற்பிகள் குறைந்துவிடுவதால். கொழுப்புக்கு ஸ்டாடின் எழுதினால், தைராய்டு கவனிக்கப்படாதவருக்குத் தசைவலி வரும் வாய்ப்பு கூடுதல்.

இந்தப் பின்னணியில் ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். வயது நாற்பத்தைந்து. பிரஷருக்கு இரண்டு மாத்திரை, கொழுப்புக்கு ஒன்று, மலச்சிக்கலுக்கு ஒன்று, கால்வலிக்கு ஒன்று, சோர்வுக்குச் சத்து மாத்திரை. ஆறும் ஐந்து வெவ்வேறு நோய்க்கு என்று நம்பிச் சாப்பிடுகிறார். உடம்பு பெருத்ததற்குச் சோறு காரணம் என்றும், சோர்வுக்கு வயது காரணம் என்றும் வீட்டில் சொல்லிவிட்டார்கள். இவர் கற்பனைப் பெண்தான். ஆனாலும் இப்படிப்பட்டவர்கள் நம் தெருவில் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. சென்னை உட்பட இந்தியாவின் எட்டு நகரங்களில் நடத்தி 2013-இல் வெளியான ஆய்வில், பெரியவர்களில் ஏறக்குறைய 11 சதவீதத்தினருக்குத் தைராய்டு குறைவு இருந்தது. ஆண்களைப்போல் மூன்று மடங்குப் பெண்களுக்கு. பாதிக்கப்பட்டவர்களில் ஒரு பகுதியினருக்கு அந்த ஆய்வில் சோதித்த பிறகுதான் தமக்கு நோய் இருப்பதே தெரிந்தது.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய சோதனை தேவையில்லை. டி.எஸ்.எச். என்ற ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை போதும். தைராய்டு குறையும்போது மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி "இன்னும் சுர, இன்னும் சுர" என்று விரட்டுவதால் இந்த எண் ஏறும். இயல்பு ஏறக்குறைய 0.4 முதல் 4 வரை. அமெரிக்க இதயவியல் அமைப்புகள் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டி நெறியில், புதிதாக உயர் ரத்த அழுத்தம் கண்டறியப்படும் எல்லோருக்கும் செய்ய வேண்டிய அடிப்படைச் சோதனைகளில் டி.எஸ்.எச். இடம்பெற்றிருக்கிறது. சர்க்கரை, கொழுப்பு, கிரியாட்டினின், இ.சி.ஜி. ஆகியவற்றுக்கு இணையாகவே அதை வைத்திருக்கிறார்கள். அதுதான் சரி என்பது என் கருத்து.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். டி.எஸ்.எச். 5, 6 என்று சற்றே ஏறியிருந்து, டி4 என்ற தைராய்டு ஹார்மோன் இயல்பாக இருந்தால், பிரஷருக்கு அதுதான் காரணம் என்று தாவிவிடக் கூடாது. இந்த இலேசான நிலைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் உள்ள தொடர்பு பலவீனமானது. ஐரோப்பாவில் 65 வயதைக் கடந்த 737 பேரிடம் நடத்தி 2017-இல் வெளியிட்ட ஆய்வில், இலேசான குறைவுக்குத் தைராக்சின் கொடுத்தும் சோர்வோ மற்ற அறிகுறிகளோ குறையவில்லை. முதியவர்களுக்கு மாத்திரை அளவு மீறினால் இதயம் தாறுமாறாகத் துடிக்கும், எலும்பும் தேயும். ஆகவே கீழ் எண்ணை இறக்க தைராய்டு மாத்திரை கேட்பது தவறு. தெளிவான தைராய்டு குறைவு இருந்தால் அதற்குச் சிகிச்சை எடுங்கள், பிரஷர் குறைந்தால் அது கூடுதல் நன்மை.

எல்லோருக்கும் குறையும் என்றும் சொல்ல முடியாது. இளவயதில், நோய் தொடங்கிக் கொஞ்ச காலத்திலேயே கண்டுபிடித்தவர்களுக்கு நல்ல பலன் கிடைக்கிறது. பல ஆண்டுகள் ஓடிப்போய்த் தமனிகள் விறைத்துவிட்டவர்களுக்குப் பிரஷர் மாத்திரையும் தொடர வேண்டியிருக்கும். இதய நோய் உள்ளவர்களுக்கும் முதியவர்களுக்கும் தைராக்சினை 12.5 அல்லது 25 மைக்ரோகிராம் என்று மிகக் குறைந்த அளவில் தொடங்கி மெல்ல ஏற்றுவார்கள், ஏனென்றால் மந்தமாகப் பழகிவிட்ட இதயத்தைத் திடீரென்று விரட்டினால் நெஞ்சுவலி வரும். தைராக்சின் உடலில் பாதியாகக் குறைய ஏறக்குறைய 7 நாள் ஆகும். அதனால் அளவை மாற்றினால் 6 முதல் 8 வாரம் கழித்தே மறுபடி சோதித்துப் பார்க்க வேண்டும், அடுத்த வாரமே ஆய்வகத்துக்கு ஓடுவதில் பயனில்லை.

மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரில் விழுங்கி, காபிக்கும் இட்லிக்கும் முன் அரை மணி முதல் ஒரு மணி நேரம் விடுங்கள். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளை நான்கு மணி நேரம் தள்ளிப் போடுங்கள். பிரஷர் வந்ததும் பல வீடுகளில் சாதாரண உப்பை விட்டுவிட்டு இந்துப்புக்கோ அயோடின் சேர்க்காத கல்லுப்புக்கோ மாறுகிறார்கள். சோடியம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான், பிரஷருக்கு அதனால் நன்மை இல்லை. இழப்பது அயோடினை. உப்பின் அளவைக் குறையுங்கள், அயோடின் உப்பையே வாங்குங்கள்.

அடுத்த முறை பி.பி. பார்க்கும்போது இரண்டு எண்களையும் கேட்டுத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள், நாடித்துடிப்பையும் சேர்த்து. கீழ் எண் 90-க்கு மேல் நின்று, நாடி மெதுவாக ஓடி, மலச்சிக்கலோ குளிரோ சோர்வோ கூடவே இருந்தால், மூன்றாவது பிரஷர் மாத்திரை எழுதப்படும் முன் "எனக்கு டி.எஸ்.எச். பார்த்திருக்கிறீர்களா?" என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். ஏற்கெனவே தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைப் பிரஷர் பார்க்கும் மருத்துவரிடமும் சொல்லுங்கள். தைராய்டு சரியாகி எண்கள் இறங்கினாலும் பிரஷர் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், அவரிடம் கேட்டே நிறுத்துங்கள்.